பினாங்கில் ஆறு மணி நேரம்

போன வாரம் நம் பள்ளிக் குழுவில் உங்களில் ஒருவர் கப்பல் படங்கள் போட்டிருந்தார். மகனும் மருமகளும் அழைத்துப் போன உல்லாசக் கப்பல். மேல்தளத்தில் நீச்சல் குளம், இரவு உணவில் பதினோரு வகை இனிப்பு, பினாங்கில் ஆறு மணி நேர நிறுத்தம். மணிக்கூண்டின் முன்னால் தொப்பியோடு ஒரு படம். 'ஆறு மணி நேரத்தில் ஒரு தீவையே பார்த்துவிட்டோம்' என்று கீழே எழுதியிருந்தார். எல்லோரும் கட்டைவிரலை உயர்த்தினீர்கள். நான் உயர்த்தவில்லை. உங்களில் ஒருத்தி தனியாகக் கேட்டாள், கோபமா என்று. ஆமாம், கோபம்தான். படம் போட்டவர் மேல் இல்லை. யார் மேல் என்று போனில் இரண்டு வரியில் தட்ட முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்த மணிக்கூண்டை நானும் பார்த்திருக்கிறேன், பத்து வயதில். ஆரணியில் நீங்களும் நானும் ஐந்தாம் வகுப்பில் இருந்த வருஷம் அது. ஆவணி கடைசியில் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் நான் பள்ளிக்கு வரவில்லை. திரும்பி வந்த அன்று டீச்சர் என்னை எழுப்பி நிறுத்தி, "கப்பல்ல போய்ட்டு வந்திருக்கா, கேளுங்க" என்றார். கேட்டீர்கள். திமிங்கிலம் பார்த்தேன் என்றேன். பார்க்கவில்லை. அன்று உங்களுக்கு நான் சொன்னதில் பாதி பொய். நடந்ததில் பாதியை நான் சொல்லவே இல்லை.

எங்கள் வீட்டில் இரண்டு குழித்தறிகள். ஒன்றில் அப்பா, இன்னொன்றில் அம்மா. பெரியப்பா தறியில் உட்காராதவர். நாங்கள் நெய்ததையும் எங்கள் தெருவில் பிறர் நெய்ததையும் வாங்கி வெளியூரில் விற்பவர். அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் சிங்கப்பூருக்குப் புடவை கொண்டுபோவதென்று தீர்மானித்தார். ஆரணிப் புடவை எடை குறைவு, அந்த ஊர் வெக்கைக்குத் தோது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஒரு பயணி இவ்வளவு துணிதான் கொண்டுபோகலாம் என்று வரம்பு இருந்தது. ஆகவே அவருக்கு இன்னும் இரண்டு பயணிகள் தேவைப்பட்டார்கள். பெரியம்மாவுக்கு ஆஸ்துமா. அப்பா தறியை விட்டு வர முடியாது. அம்மாவும் நானும்தான் அந்த இரண்டு பயணிகள். இது எனக்குப் புரியப் பல வருஷம் ஆயிற்று. அன்று எங்களிடம் சொல்லப்பட்டது வேறு.

"உங்கம்மாகிட்ட சொல்லு கண்ணு. கப்பலு பினாங்குல நிக்கும். அவ அண்ணன் வூட்டுக்குப் போயி ஒரு வேள சாப்ட்டு வரலாம்" என்றார் பெரியப்பா என்னிடம்.

அம்மா மூன்றடி தூரத்தில், கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ஆனாலும் நான் திரும்பி, "கப்பல் பினாங்குல நிக்குமாம். மாமா வூட்டுக்குப் போயி ஒரு வேள சாப்ட்டு வரலாமாம்" என்றேன். அப்படித்தான் நடக்கும். கணவனின் அண்ணன் மூத்தார். மூத்தாரோடு பெண் நேருக்கு நேர் பேசக் கூடாது. அவர் வந்தால் எழுந்து ஒதுங்க வேண்டும். சொல்ல வேண்டியது இருந்தால் ஒரு குழந்தை வழியாகச் சொல்ல வேண்டும். குழந்தை இல்லாவிட்டால் தூணுக்குச் சொல்வார்கள், பூனைக்குச் சொல்வார்கள். "தே பூன, சோறு ஆறிப்போவுது" என்று அம்மா சொன்னால் பெரியப்பா எழுந்து சாப்பிட வருவார். உங்கள் வீடுகளிலும் இருந்ததுதான். போன மாதம் ஒருவர் இதே குழுவில், அந்தக் காலத்தில் என்ன ஒரு மரியாதை என்று எழுதினார். அதற்கும் நான் கட்டைவிரல் உயர்த்தவில்லை.

நான் அந்த வேலையில் கெட்டிக்காரி. கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன். "நல்ல தபால்காரி" என்று பெரியப்பா மெச்சுவார். எனக்கு அது பெருமையாக இருந்தது.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான். அம்மாவுக்குக் கல்யாணமான மறு வருஷம் அச்சாபீஸ் வேலைக்கென்று பினாங்கு போனார். அங்கேயே பிறந்த ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். கல்யாணம் முடிந்த பிறகுதான் இங்கே கடிதம் வந்தது. கூட ஒரு கறுப்பு வெள்ளைப் படம். எங்கள் பக்கத்தில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார். மற்ற இரண்டையும் மாப்பிள்ளையின் தங்கை அல்லது அக்கா போட வேண்டும். அந்த இரண்டு முடிச்சையும் பக்கத்து வீட்டுப் பெண் போட்டாள் என்று மாமா எழுதியிருந்தார். அம்மா கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "நான் குத்துக்கல்லாட்டம் இங்க இருக்கறேன். முடிச்ச ஊரு பேரு தெரியாதவ போட்டுகினாளாம்" என்றாள். அதை யாருக்கும் கொண்டுபோய்ச் சொல்லச் சொல்லவில்லை.

கப்பல் பேச்சு வந்தது ஆடி மாதத்தில். தறி வேலை மந்தமான மாதம். அம்மா தன் தறியில் அண்ணிக்கென்று ஒரு புடவை ஏற்றினாள். பட்டு நூல் அவள் கேட்டு வாங்கியது. அண்ணி என்ன நிறம் என்று படத்தில் தெரியவில்லை, எழுதிக் கேட்டாள். மாநிறம் என்று மாமாவிடமிருந்து பதில் வந்தது. வெங்காயச் சருகு நிறத்தில் உடல், சின்னச் சின்னக் கட்டம், கிளிப்பச்சைக் கரை. நெய்து அறுத்தெடுத்த அன்று அதை என் தோளில் போட்டு, என்னை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தித் தூரத்திலிருந்து பார்த்தாள். "அண்ணி இன்னும் ஒசரமா இருப்பா" என்றாள்.

அதே கடிதத்தில் மாமா, லீவு போட்டுவிட்டுத் துறைக்கே வந்து நிற்கிறேன் என்று எழுதியிருந்தார். அதற்குப் பதில் எழுதியது பெரியப்பா. 'துறைக்கு வரவேண்டாம். எனக்குக் கடைத்தெருவில் வேலை இருக்கிறது. முடித்துக்கொண்டு நாங்களே வீட்டுக்கு வந்துவிடுவோம்.' அந்தக் கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டதும் நான்தான்.

கப்பலில் எங்களுக்குக் கீழ்த்தளம். இரும்புப் படுக்கைகள் அடுக்கடுக்காக இருக்கும். டீசல், பினாயில், பக்கத்தில் யாரோ எடுத்த வாந்தி, இந்த மூன்று வாசனையும் எப்போதும் இருந்தன. தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். முதல் மூன்று நாள் அம்மா எழவில்லை. நான்காம் நாள் எழுந்து தலை வாரிக்கொண்டாள். அதன் பிறகு மாமாவைப் பற்றியே பேசினாள். மாமாவுக்கு மொச்சைக்கொட்டைக் குழம்பு பிடிக்கும். மாமாவுக்கு இடது காதுக்குக் கீழே தழும்பு, இவள் எறிந்த கல் பட்டது. அம்மா இவ்வளவு பேசி நான் முன்பு கேட்டதில்லை, பிறகும் கேட்டதில்லை.

பினாங்கில் காலை ஒன்பது மணிக்கு இறக்கிவிட்டார்கள். மூன்று மணிக்குள் திரும்ப வேண்டும் என்று ஒரு அட்டை கொடுத்தார்கள். துறையை விட்டு வெளியே வந்ததும் நான் முதலில் பார்த்தது சைக்கிள் ரிக்‌ஷா. நம் ஊரில் மிதிப்பவர் முன்னால் இருப்பார். அங்கே நாம் முன்னால், மிதிப்பவர் பின்னால். எதிரே வரும் பஸ் நம் முழங்காலில் வந்து முட்டுவது போல இருக்கும். அம்மா புடவையை ஒரு மஞ்சள் பையில் வைத்து என்னிடம் கொடுத்திருந்தாள். அவள் கையில் மாமா எழுதிய கடிதம், விலாசம் வெளியே தெரிய மடித்தது.

ரிக்‌ஷாக்காரரிடம் பெரியப்பா கடைத்தெரு என்றார்.

"போணி ஆவாம சொந்தக்காரங்க வூட்ல போயி ஒக்காரக் கூடாது" என்று எங்கள் இருவருக்கும் பொதுவாகச் சொன்னார். "புது ஊருல மொத காலு கடையிலதான் வெக்கணும். அர மணி நேரம். ஜல்தியா முடிச்சிட்டுப் போலாம்."

போணி என்றால் அன்றைய முதல் விற்பனை. வியாபாரிகளுக்கு அது சாமி மாதிரி. உங்களுக்குத் தெரியும்.

கடைத்தெரு முழுக்கத் தமிழ்ப் பேச்சு. கடைகளுக்கு முன்னால் தொடர்ச்சியாகக் கூரை போட்ட நடைபாதை, தூண் தூணாக. ஒரு கடையில் கருவாடும் அடுத்த கடையில் கிராம்பும், அதற்கு அடுத்த சீனர் கடையில் ஊதுபத்தியும் மணத்தன. முதல் கடையில் டிரங்குப் பெட்டியைத் திறக்கவே விடவில்லை. இரண்டாவதில் முதலாளி இல்லை. மூன்றாவதில் காப்பி கொடுத்தார்கள், புடவை வாங்கவில்லை. நான்காவதில் காப்பியும் இல்லை. ஒவ்வொரு கடையிலும் அம்மா வெளியே தூணோரம் நின்றாள். மூத்தார் உட்காரும் இடத்தில் உட்காரக் கூடாது அல்லவா. பதினொன்றரை ஆயிற்று. அம்மா என்னிடம், "இப்பவே போனாதான் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியா இருக்கும்னு சொல்லு" என்றாள். சொன்னேன். "இன்னொரு கட" என்றார் பெரியப்பா.

ஐந்தாவது கடை. முதலாளி ராமநாதபுரத்துப் பக்கம். நூலைத் தடவிப் பார்த்தார், மடிப்பைப் பிரித்தார், நல்ல சரக்கு என்றார், என்னிடம் இருப்பதே விற்கவில்லை என்றார். பெரியப்பாவின் கழுத்து வேர்த்திருந்தது. கடையில் ஒரு அம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து, மகள் கல்யாணத்துக்கு ஜவுளி பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியில் இருந்த எதையும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"பாப்பா, ஒன் பையில எட்டிப் பாக்குதே, அது என்ன கலரு?"

யாரும் என்னை எடுக்கச் சொல்லவில்லை. நானே எடுத்தேன். "எங்கம்மா நெய்ஞ்சது" என்றும் சொன்னேன்.

அவர் அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிரித்தார். முதலாளியும் எட்டிப் பார்த்தார். "இந்தக் கலரு இங்க எங்கயும் இல்ல லா" என்றார் அந்த அம்மாள், அந்த ஊர்ப் பேச்சில். "இதையும் என் ஜவுளியோட சேத்துப் போட்டுருங்க" என்றார் முதலாளியிடம்.

தூணோரத்திலிருந்து அம்மா என்னைக் கூப்பிட்டாள். குரல் உயரவில்லை. "அது விக்கறதுக்கு இல்ல, அண்ணிக்குன்னு சொல்லு."

உள்ளே போய்ச் சொன்னேன். "அது விக்கறதுக்கு இல்ல, அண்ணிக்கு."

பெரியப்பா சிரித்தார். "கொழந்தைங்க" என்றார் அந்த அம்மாளிடம். "எல்லாம் அதோட புடவன்னு நெனச்சிகினு கீது."

அம்மா மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை என் மேல்கையைப் பிடித்திருந்தாள். "வேற எது வேணா எடுத்துக்கச் சொல்லு. பொட்டில இத விட ஒசத்தி ரெண்டு இருக்குது."

சொன்னேன். பெரியப்பா குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, ஆனால் தூணைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கண்ணு, மொத போணியத் தட்டிவுட்டா இந்தப் பயணமே பேஜாராப் பூடும். உங்கம்மாக்குத் தெரியாததா? அவள பொட்டியிலேர்ந்து எத வேணா எடுத்துக்கச் சொல்லு. அவ அண்ணிக்கு அதக் குடுக்கட்டும்."

இதில் ஒன்றைக் கவனியுங்கள். நான் குழந்தை, தெரியாமல் பேசுகிறேன் என்று அந்த அம்மாளிடம் சொன்னவர், அடுத்த நிமிஷம் அம்மாவுக்கு வரிக்கு வரி பதில் சொல்கிறார். அவருக்குக் கேட்டது. அம்மா நேராகப் பேசினால் கேட்டுத்தான் ஆக வேண்டும். என் வாயால் வந்தால் கேட்பதும் கேட்காததும் அவர் விருப்பம். அம்மா பேச வாயில்லாமல் இருப்பதை மரியாதை என்று ஊரெல்லாம் சொன்னது. அதில் யாருக்கு என்ன வசதி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

நான் சொன்னதைக் கேட்டு அம்மா என் கையை விட்டாள். உள்ளே காகிதத்தில் புடவையைச் சுற்றிச் சணல் கட்டும் சத்தம் கேட்டது. "கடச் சரக்க எடுத்துகினு போயி, நாத்தனா கொண்டாந்ததுன்னு குடுக்கவா" என்றாள், என்னைப் பார்க்காமல். அது யாருக்கும் கொண்டுபோக வேண்டிய பேச்சு இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

பெரியப்பா முகம் தெளிந்து வெளியே வந்தார். "போணி ஆச்சி. இப்ப போலாம் மாமன் வூட்டுக்கு. இருவது நிமிஷம்தான். இன்னும் ரெண்டர மணி நேரம் இருக்குது."

அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்தாள். "தல வலிக்குதுன்னு சொல்லு. கப்பலண்ட போயி ஒக்காந்துக்கறேன்னு சொல்லு."

அவளுக்குத் தலை வலிக்கவில்லை. எனக்குத் தெரியும். அண்ணியின் முகத்தை முதன்முதலாகப் பார்க்கப் போகிறவள் வெறுங்கையோடு போகமாட்டாள். போணிக் கதையைச் சொன்னால் மாமா என்ன நினைப்பார், புகுந்த வீட்டில் தங்கைக்கு இருக்கும் இடம் இதுதானா என்று நினைப்பார். அதையும் காட்டிக்கொள்ளமாட்டாள். இத்தனையும் பத்து வயதில் எனக்கு வாக்கியமாகத் தெரியாது. பொய் என்பது மட்டும் தெரியும். பெரியப்பாவின் கையைப் பிடித்து, "அம்மாக்குத் தல வலிக்கல, நீங்க புடவைய வித்துட்டீங்க" என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

"தல வலிக்குதாம். கப்பலண்ட போயி ஒக்காந்துக்கறாங்களாம்."

"அப்ப வெயில்ல சுத்தக் கூடாது" என்றார் பெரியப்பா. பக்கத்துக் கடையில் ஒரு தைலக் குப்பி வாங்கி, அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி என் கையில் கொடுத்தார்.

அம்மாவைத் துறைக் கொட்டகையில் பெட்டிகளோடு விட்டுவிட்டு, பெரியப்பா என்னை ஊர் சுற்றிக் காட்டினார். நான் மறுக்கவில்லை. சந்தோஷமாகத்தான் போனேன். இதை எழுதும்போது அவர் மேல் வரும் கோபத்துக்குக் கொஞ்சமும் குறையாத கோபம் என் மேலும் வருகிறது. கோட்டையில் பீரங்கியைத் தொட்டேன், கை சுட்டது. கடலுக்குள் கால் நட்டு, மேலே பலகை போட்டுக் கட்டிய வீடுகளைப் பார்த்தேன். பலகை இடுக்கில் கீழே தண்ணீர் தெரிந்தது. ஒரு பாட்டி அதற்கு மேலே உட்கார்ந்து பூண்டு உரித்தாள். துருவிய ஐஸை உருண்டை பிடித்து, மேலே சிவப்புப் பாகு ஊற்றிக் கையில் கொடுத்தார்கள். முழங்கை வரை வழிந்தது. காகிதப் பொட்டலத்தில் சர்க்கரையில் ஊறிய ஜாதிக்காய். மணிக்கூண்டின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தேன். அப்போது மணி ஒன்று நாற்பது.

திரும்பும் வழியில் ஒரு நாற்சந்தியில் ரிக்‌ஷா நின்றது. பெரியப்பா வலது பக்கம் கையை நீட்டினார். "அதோ, அந்தப் பக்கம்தான் உங்க மாமன் வூடு." பீரங்கியைக் காட்டிய அதே கை, அதே குரல். ஒரு வெள்ளைச் சுவரும் ஒரு வாழைமரமும் தெரிந்தன. ரிக்‌ஷா நேராகப் போய்விட்டது.

கொட்டகையில் அம்மா நாங்கள் விட்ட இடத்திலேயே இருந்தாள். தைலக் குப்பியின் மூடி திறக்கப்படவில்லை. கப்பல் ஏறிய பிறகு, "எங்கெல்லாம் போனீங்க?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். நாற்சந்தியையும் சொன்னேன்.

"எந்தப் பக்கம்?"

கப்பல் தளத்தில் நின்றுகொண்டு கையை நீட்டிக் காட்டினேன். ஓடுகள், மரங்கள், பின்னால் மலை. கப்பல் நகர்ந்து, கரை கோடாகும் வரை அம்மா அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். போன வாரம் அந்தப் படங்களைப் பார்த்த பிறகு, போனில் பினாங்கின் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் காட்டியது தீவே இல்லை. எதிர்க்கரை. கப்பல் திரும்பியிருந்தது, எனக்குத் திசை தெரியவில்லை.

திரும்பும் கப்பல் பினாங்கில் நிற்கவில்லை. தீபாவளி கழித்து மாமாவிடமிருந்து கடிதம் வந்தது. அம்மா அதை என்னைப் படிக்கச் சொன்னாள். அண்ணி விடியற்காலையில் எழுந்து சமைத்தாள் என்று எழுதியிருந்தார். மொச்சைக்கொட்டை கிடைக்காமல் ஊரெல்லாம் தேடினேன் என்று எழுதியிருந்தார். மூன்று மணிக்குக் கப்பல் சங்கு ஊதியபோது இலைகளை எடுத்தோம். மறுநாள் கடைத்தெருவில் விசாரித்தேன், நீங்கள் பன்னிரண்டரைக்கே வேலையை முடித்துவிட்டதாகச் சொன்னார்கள். 'எங்கள் வீடு உனக்குத் தூரமாக இருந்திருக்கும்.' அதுதான் கடைசி வரி. அம்மா பதில் எழுத உட்கார்ந்தாள். மூன்று நாள் உட்கார்ந்தாள். தலைவலி என்று எழுதினால் பொய், நடந்ததை எழுதினால் இரண்டு வீட்டுக்கும் பகை. எழுதாமலே விட்டாள். அவரும் அதன் பிறகு எழுதவில்லை.

மார்கழியில் ஒரு பகல். அப்பாவும் அம்மாவும் தறியில் இருந்தார்கள். பெரியப்பா வந்து பலகையில் உட்கார்ந்தார். அம்மா தறிக்குழியிலிருந்து எழுந்து ஒதுங்கி நிற்க வேண்டும். எழவில்லை. அவர் அதைக் கவனித்தார்.

"கண்ணு, உங்கம்மாகிட்ட சொல்லு. தையில மறுபடியும் கப்பலு. இந்த வாட்டி மொதல்ல அவ அண்ணன் வூடு, அப்பறந்தான் கட. என் வாயால சொல்றேன்."

நான் திரும்பினேன். திரும்பச் சொல்வதற்குள் அம்மாவின் தறிச் சத்தம் நின்றது. அம்மா அவரைப் பார்த்தாள். மூத்தாரின் முகத்தை அவள் நேராகப் பார்த்து நான் பார்ப்பது அதுதான் முதல்.

"எம் புடவைய வித்துட்டு, வெறுங்கையா எங்கண்ணன் வூட்டுக்குப் போவச் சொன்னீங்க" என்றாள். "அங்க அவுங்க எல போட்டுகினு ஒக்காந்திருந்தாங்க. அண்ணன் பேரச் சொல்லி இனிமே என்னக் கூப்பிடாதீங்க. நான் வரல."

கத்தவில்லை. சந்தைக்கு வரவில்லை என்று சொல்வது போலச் சொன்னாள். அந்தக் கப்பலை விட்டால் மாமாவைப் பார்க்க அவளுக்கு வேறு வழி இல்லை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்பாவின் தறியும் இப்போது ஓடவில்லை. அவர் குனிந்து, எதுவும் அறுந்துபோகாத தறியில் அறுந்த இழையைத் தேடிக்கொண்டிருந்தார்.

பெரியப்பா அம்மாவைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பு கூட இருந்தது.

"இன்னா சொல்றா உங்கம்மா?"

எனக்கு ஒவ்வொரு சொல்லும் வரிசையாகத் தெரியும். இன்றைக்கும் தெரியும், மேலே எழுதியிருக்கிறேன். நான் வாயைத் திறக்கவில்லை.

"கேக்கறேன் இல்ல. இன்னா சொல்றா?"

சொல்லவில்லை. அம்மாவின் தறி மறுபடி ஓடத் தொடங்கியது. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். தையில் அவரோடு வேறு இரண்டு பேர் கப்பல் ஏறினார்கள். அம்மா சாகும் வரை மாமாவைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா என்னைக் கிணற்றடியில் தனியாகக் கூப்பிட்டார். அவர் குரலில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. "பெரியவரு ரெண்டு வாட்டி கேட்டாரே கண்ணு. நீ எடுத்துச் சொல்லியிருக்கலாம் இல்ல?"

"அவருக்குக் கேட்டிச்சிப்பா" என்றேன்.